குழந்தைக்கு இரத்த அழுத்தம் கூடுதல் என்று சொன்னால் என்ன செய்வது?

பள்ளியில் நடந்த பரிசோதனையிலோ, காய்ச்சலுக்குக் காட்டப் போன கிளினிக்கிலோ தாதி ஒருவர் உங்கள் பிள்ளையின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, மறுபடியும் காட்டுங்கள்" என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து சொன்னால் பாட்டி நம்பமாட்டார். "எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏது இரத்தக் கொதிப்பு? அதெல்லாம் எனக்கும் உன் தாத்தாவுக்கும்தான்" என்பார். பிள்ளையும் வழக்கம்போல் ஓடியாடிக்கொண்டிருக்கும். தாதி எழுதிக் கொடுத்த சீட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்படித்தான் நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கும் உயர் இரத்த அழுத்தம் வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் வரும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் இதயத் தசை தடிக்கும், சிறுநீரகம் கெடும், கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும். அதே வேளையில், ஒரே ஒரு முறை அளந்த எண்ணை வைத்துப் பிள்ளையை நோயாளி என்று முடிவுகட்டுவதும் தவறு. சரியாக அளப்பது, திரும்ப அளப்பது, காரணத்தைத் தேடுவது: இந்த வரிசை மாறாமல் போனால் பதற்றத்துக்கு இடமில்லை.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கடுமையான தலைவலி, விடாத வாந்தி, பார்வை மங்குதல், வலிப்பு, குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உயர்ந்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால், மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்காதீர்கள். மலேசியாவின் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 180/120-ஐத் தாண்டினால், பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனடியாகக் காட்ட வேண்டும். தாத்தாவின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் யோசனை யாருக்கும் வரக்கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினாலும் மூளைக்கு ஆபத்து.

எந்த எண் கூடுதல்?

பெரியவர்களுக்கான 120/80 எல்லோர் மனத்திலும் பதிந்துபோன எண். அதைக் கொண்டு சிறு பிள்ளையை அளந்தால் ஏமாந்துபோவோம். ஆறு வயதுப் பையனுக்கு 112/72 என்று வந்தால் அப்பா நிம்மதியாகி விடுவார். ஆனால் அந்த வயதுக்கு அது கவனிக்க வேண்டிய அளவு.

குழந்தைகளின் அழுத்தத்தை வயது, ஆணா பெண்ணா என்பது, உயரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அதே வயதும் உயரமும் உள்ள நூறு பிள்ளைகளை அழுத்தத்தின்படி குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தினால், உங்கள் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. 90-ஆவது இடத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 90-க்கும் 95-க்கும் இடையில் என்றால் சற்றுக் கூடுதல். 95-ஐத் தொட்டு, திரும்பத் திரும்ப அப்படியே வந்தால் உயர் இரத்த அழுத்தம். 13 வயது நிறைந்த பிறகு பெரியவர்களின் எண்களே பொருந்தும்: 130/80 உயர் இரத்த அழுத்தத்தின் முதல் நிலை, 140/90 அதைவிடக் கடுமையான இரண்டாம் நிலை. சிறிய பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மருத்துவர் முழு அட்டவணையைப் பார்த்துச் சொல்வார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், விரைவாகச் சலித்துப் பார்க்க உதவும் எளிய அட்டவணை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சில எண்கள்:

3 வயது: ஆண் 101/58, பெண் 102/60
6 வயது: ஆண் 105/66, பெண் 105/67
8 வயது: இருவருக்கும் 107/69
10 வயது: ஆண் 108/72, பெண் 109/72
12 வயது: ஆண் 113/75, பெண் 114/75

மேல் எண்ணோ கீழ் எண்ணோ இவற்றைத் தொட்டால் நோய் என்று பொருளில்லை. மருத்துவர் உயரத்தையும் சேர்த்து முழு அட்டவணையில் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். இந்த எண்கள் குட்டையான பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டவை. வயதுக்கு மீறி உயரமான பிள்ளைக்கு அனுமதி சற்று அதிகம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது அன்றைய உயரத்தை அளக்காமல் அழுத்தத்தை மட்டும் பார்த்தால், உயரத்தையும் அளக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

பட்டை பொருந்தாவிட்டால் எண் பொய் சொல்லும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளின் அளவு பிழையாவதற்குப் பெரும்பாலும் கையில் சுற்றும் பட்டைதான் காரணம். கைக்குச் சிறிய பட்டை என்றால் எண் பொய்யாகக் கூடும். கைக்குப் பெரிய பட்டை என்றால் பொய்யாகக் குறையும். ஒரு தனியார் கிளினிக்கில் என் தங்கை மகளின் மெல்லிய கையில் பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றியதை நானே பார்த்தேன். பட்டை தோளிலிருந்து முழங்கை மடிப்பு வரை போர்த்திக்கொண்டு கிடந்தது. எண்ணைப் படித்து "நார்மல்" என்று எழுதிவிட்டார்கள். சின்னப் பட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றார்கள். அந்த எண்ணை எதற்கும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்குத் தையல்காரரின் அளவு நாடா போதும். பிள்ளையின் தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தில் கையின் சுற்றளவை அளங்கள். 18 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டைக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம் அதில் குறைந்தது 40 விழுக்காடு, அதாவது 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பையின் நீளம் கையை 80 முதல் 100 விழுக்காடு வரை சுற்ற வேண்டும். இந்தக் கைக்கு 14 முதல் 18 சென்டிமீட்டர். மருந்தகங்களில் கருவியோடு வரும் வழக்கமான பட்டை 22 சென்டிமீட்டரில் தொடங்கும் கைகளுக்கானது. சிறிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உடல் பருத்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கோ நேர்மாறு: "சின்னப் பையன்தானே" என்று குழந்தைப் பட்டையைச் சுற்றினால் எண் எகிறிவிடும். அவனுக்குப் பெரியவர்களின் பட்டையே சரி. வயதைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளைக் குழந்தைகளுக்கு வாங்காதீர்கள்.

அளக்கும் முறையும் முக்கியம். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். தே தாரிக் (பால் தேநீர்), கோலா போன்றவற்றைக் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு முக்காலி வையுங்கள். கை இதய மட்டத்தில் மேசை மேல் கிடக்கட்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. பேச்சு, கைப்பேசி, தொலைக்காட்சி எதுவும் வேண்டாம். எப்போதும் வலக் கையில் அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறவியிலேயே பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்) குறுகியிருக்கும் பிள்ளைகளுக்கு இடக் கையில் பொய்யாகக் குறைந்த எண் வரலாம்.

முதல் அளவு கூடுதலாக இருந்தால் சிறிது இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். மின்கருவியில் கூடுதலாக வந்தால், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் காதால் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

திரும்ப அளப்பதற்கும் ஒரு கால அட்டவணை உண்டு

சற்றுக் கூடுதல் என்ற நிலையில் இருந்தால், உணவையும் விளையாட்டையும் சரிசெய்து ஆறு மாதத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். முதல் நிலை என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, அப்போதும் குறையாவிட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. இப்படி மூன்று வெவ்வேறு வருகைகளில் 95-ஆவது இடத்துக்கு மேல் இருந்தால்தான் உயர் இரத்த அழுத்தம் என்று பெயர் வைப்பார்கள். இரண்டாம் நிலைக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. ஒரு வாரத்துக்குள் குழந்தை நிபுணரைப் பார்த்தாக வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அழுத்தம் ஏறும், வீட்டில் இயல்பாக இருக்கும். அதைப் பிரித்தறிய, சிறிய கருவி ஒன்றை 24 மணி நேரம் இடுப்பில் மாட்டி அனுப்புவார்கள். அரை மணிக்கு ஒரு முறை போலத் தானாகவே அளக்கும், தூக்கத்திலும் அளக்கும். வழக்கமாக ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே இது செய்யப்படும். வீட்டில் அளப்பதாக இருந்தால், ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். தினமும் பத்து முறை பட்டையைக் கட்டிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம்.

காரணத்தைத் தேடும்போது நீங்கள் சொல்ல வேண்டியவை

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் எதுவும் கிடைக்காது. பிள்ளை எவ்வளவு சிறியதோ, அழுத்தம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுக்கு அடியில் வேறொரு நோய் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் முதலிடம் சிறுநீரகத்துக்கு. தொண்டைப் புண்ணோ தோலில் சீழ்ப்புண்ணோ வந்து ஆறி, ஒன்றிரண்டு வாரம் (தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம்) கழித்து முகம் அதைத்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், அது சிறுநீரக வடிகட்டிகளில் அழற்சி ஏற்பட்டதன் அடையாளம். சொறி சிரங்கைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது வரலாம். என் தங்கை மகனுக்கு வந்தது இதுதான். காலையில் கண் இமை வீங்கியிருந்ததைக் கொசுக்கடி என்று நினைத்திருந்தார்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது கழிப்பறையில் சிறுநீரின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அன்று அவனுடைய அழுத்தமும் வயதுக்கு மிகக் கூடுதலாக இருந்தது. சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறிவிட்டான்.

அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, குறைமாதப் பிறப்பு, பிறந்தபோது எடைக் குறைவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் தொப்புள் வழியாகக் குழாய் போட்டது ஆகியவற்றை மறக்காமல் சொல்லுங்கள். பிறந்ததிலிருந்து பேணிவரும் குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தில் இவற்றில் பல இருக்கும், கையோடு கொண்டுபோங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழும் பிள்ளையா என்பதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அழுத்தத்தை ஏற்றும்.

அடுத்து, பிள்ளை விழுங்குபவை. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில சளி மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள், கவனக்குறைவுக் கோளாற்றுக்கான சில மருந்துகள், ஐபுப்ரூபன் போன்ற வலி மருந்துகள் எல்லாமே அழுத்தத்தைக் கூட்டக்கூடும். நம் வீடுகளில் இருமலுக்குக் கொடுக்கும் அதிமதுரமும் இந்த வரிசையில் சேரும். நாள்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், அழுத்தம் ஏறும். நாட்டு மருந்து கொடுப்பதை மருத்துவர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். பொட்டலத்தையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஆறு வயதுக்கு மேற்பட்டு, எடை கூடி, பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ கொதிப்பு இருந்தால், வேறு நோய் இல்லாமலே வரும் வகையாக இருக்கலாம். இப்போது இந்த வகைதான் கூடி வருகிறது.

கோலாலம்பூரில் எங்கே போவது

மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து பார்ப்பது நல்லது. உடல் பருமன், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருகையிலும் அளக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்குவார்கள்.

உங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாதானிலிருந்து தொடங்குங்கள். மலேசியர்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். அரசின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். அங்குள்ள மருத்துவர் தேவையென்று கருதினால் பரிந்துரைக் கடிதம் தருவார். அதைக் கொண்டு கம்போங் பாருவை ஒட்டிய துங்கு அசிசா மருத்துவமனையிலோ, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ குழந்தை நிபுணரைப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து குடியிருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் என்பதால், நிறுவனத்தின் காப்பீட்டில் பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைகள் பயப்படும்படி இருக்காது. சிறுநீர், இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு) உப்புகளும், கொழுப்பு, சிறு வயதினருக்குச் சிறுநீரக ஸ்கேன், எடை கூடியவர்களுக்குச் சர்க்கரையும் கல்லீரலும். மருத்துவர் தொடையிடுக்கில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார், காலிலும் அழுத்தத்தை அளப்பார். கையைவிடக் காலில் குறைவாக இருந்தால் பெருந்தமனிக் குறுக்கத்தைச் சந்தேகிப்பார்கள். மருந்து தொடங்கும் நிலை வந்தால் இதயத்துக்கு எக்கோ (ஒலி அலை ஸ்கேன்) எடுப்பார்கள்.

சமையலறையில்

உப்பு என்றதும் குழம்பில் போடும் உப்பைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு உப்பு வரும் வழிகள் வேறு: உடனடி மீ (நூடுல்ஸ்) பாக்கெட், நகெட், சாசேஜ், டின் சார்டின், கிச்சாப் (சோயா சாஸ்), கெரோப்போக் (மீன் அப்பளம்), தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலும் நெத்திலியும், வீட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு.

கையில் ஒரு மீ பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். சத்துப் பட்டியலில் சோடியம் அல்லது நாட்ரியம் என்ற வரியைத் தேடுங்கள். இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று 100 கிராமுக்கு, மற்றது ஒரு பரிமாறலுக்கு. பரிமாறல் எண்ணைப் பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,200 மில்லிகிராம் என்று இருந்தால் அந்த ஒரு கிண்ணத்தில் 3 கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக என்கிறது. குழந்தைக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெருக்கத் தெரியும். தானே கண்டுபிடித்ததை அம்மா சொன்னதைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

மீ சமைக்கும்போது தூளில் பாதியைப் போடுங்கள், சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். சாம்பாரிலும் ரசத்திலும் உப்பைப் படிப்படியாகக் குறைத்து எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை, பூண்டைக் கூட்டினால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். முழு வீட்டுக்கும் ஒரே சமையல்தான் நடக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு வைத்துவிட்டு மற்றவர்கள் அப்பளத்தை நொறுக்குவது கொடுமை.

கடைகளில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கும், சில அழுத்த மருந்துகளைச் சாப்பிடும் பிள்ளைக்கும் அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

எடை கூடிய பிள்ளை என்றால் வளரும் வயதில் எடையைக் குறைக்க வேண்டும் என்பதுகூட எப்போதும் இல்லை. உயரம் கூடும்வரை எடை ஏறாமல் இருந்தாலே பலன் தெரியும். கல்யாண வீட்டில் உறவினர்கள் "குண்டு" என்று கூப்பிட்டால் பிள்ளைக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடினால் போதும். மாலை மழை வந்தால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பூப்பந்து ஆடலாம், விடுமுறை நாள் காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவைச் சுற்றி ஓடலாம். இரண்டாம் நிலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை போட்டி விளையாட்டுக்கு மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மருந்து எழுதிக் கொடுத்தால்

உணவும் விளையாட்டும் போதாதபோது, அல்லது சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவை உடன் இருக்கும்போது மருந்து தொடங்குவார்கள். ஒரு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். எண் இயல்புக்கு வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்தால்தான் வந்திருக்கிறது. வயிற்றுப்போக்கோ விடாத வாந்தியோ வந்தால் அன்றைய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள், ஏனென்றால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஏசிஇ தடுப்பான் என்ற வகை மருந்தில் வறட்டு இருமல் வரலாம். அவ்வகை மருந்து கருவில் உள்ள குழந்தைக்கு மிகவும் தீங்கானது என்பதைப் பருவம் எய்திய பெண் பிள்ளைகளிடம் மருத்துவர் பேசுவார். அந்தப் பேச்சுக்குச் சங்கடப்பட்டு எழுந்து போகாதீர்கள், கூடவே உட்கார்ந்திருங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வையுங்கள்: பிள்ளை சாப்பிடும் மருந்தின் பெயர், சிறுநீரைக் கூட்டும் நீரிறக்கி மருந்து என்றால் பாடவேளையிலும் கழிப்பறைக்கு விட வேண்டும் என்பது, தலைவலியோ பார்வை மங்கலோ என்று சொன்னால் ஓய்வறையில் படுக்க வைத்துவிடாமல் உடனே உங்களை அழைக்க வேண்டும் என்பது, எடுக்காவிட்டால் அடுத்து அழைக்க வேண்டிய எண். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு மாறும்போது புதிய ஆசிரியர்களுக்கு இந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.